முதுகுத்தண்டு நீர் சுத்தமா இருக்குன்னு ரிப்போர்ட் வந்தாச்சு, அப்புறமும் எதுக்கு முதுகுல ஊசி?

விழுப்புரத்து மாமா:

எல்லாருக்கும் வணக்கம். ராத்திரி தூக்கம் வரல, அதான் இங்க கேக்கலாம்னு வந்தேன். என் அக்கா பையனுக்கு 6 வயசு. ஜுரம் விட்டு விட்டு வந்துட்டே இருந்துச்சு, கால்ல அடிபடாமலே அங்கங்க கன்னிப்போயிருந்துச்சு, பல்லு விளக்கும்போது ரத்தம் வந்துச்சு, டெஸ்ட் பண்ணி பாத்தா ஏஎல்எல்னு சொல்லிட்டாங்க, ரத்தப் புத்துநோய். இப்ப ட்ரீட்மென்ட் ஆரம்பிச்சு மூணாவது வாரம் ஓடுது. கவுண்ட்லாம் எதிர்பார்த்தபடிதான் போவுதுன்னு டாக்டர் சொல்றாங்க.

என் சந்தேகம் முதுகுல போடுற ஊசி பத்தி. முதல் தடவை முதுகுல நீர் எடுத்து டெஸ்ட்டுக்கு அனுப்பினாங்க, கூடவே அதே ஊசி வழியா மஞ்சளா ஒரு மருந்து ஏத்தினாங்க. ரிப்போர்ட்ல புத்துநோய் செல் ஒண்ணுகூட இல்லன்னு வந்துச்சு. அன்னிக்கு எங்க வீட்ல அடுப்பு பத்த வச்சோம், அதுவரைக்கும் நாலு நாளா யாரும் ஒழுங்கா சாப்பிடல. ஆனா இப்ப என்னடான்னா இந்த முதுகு ஊசிய இன்னும் ரெண்டு வருஷத்துக்கு மேல விட்டு விட்டு போடணுமாம். கையில லைன் வச்சு ரத்தத்துல ஏத்துற மருந்து உடம்பு பூரா போகத்தானே செய்யும், தலைக்கும் சேத்துத்தானே போகும், அப்புறம் இது எதுக்கு? ரவுண்ட்ஸ்ல டாக்டர்கிட்ட கேட்டேன், "மூளைக்கு மருந்து போகாது, அதான்"னு சொல்லிட்டு அடுத்த பெட்டுக்கு போயிட்டாங்க, அவங்களுக்கும் அன்னிக்கு அவ்ளோ கூட்டம்.

இன்னொண்ணு, ஒவ்வொரு தடவையும் பையனோட விதைப்பையையும் தொட்டுப் பாக்குறாங்க. அவனுக்கு வெக்கம், அழறான். அதுக்கும் இதுக்கும் என்ன சம்பந்தம்? எங்கம்மா வேற முதுகுத்தண்டுல ஊசி போட்டா கால் விளங்காம போயிடும்னு தினமும் அழுதுட்டு இருக்காங்க. தெரிஞ்சவங்க கொஞ்சம் புரியிற மாதிரி சொல்லுங்க.

வார்டு அக்கா:

தம்பி, தைரியமா இருங்க. நான் குழந்தைங்க புத்துநோய் வார்டுல நர்ஸா 14 வருஷமா இருக்கேன், நீங்க கேட்ட இதே கேள்விய வாரத்துக்கு ரெண்டு பேராவது கேப்பாங்க, கேக்கணும், கேட்டாதான் பயம் போகும்.

ரத்தத்துல ஏத்துறது உடம்பு பூரா போகும்னு நினைக்கிறீங்கல்ல, அங்கதான் விஷயமே இருக்கு. உடம்புல மத்த இடத்துல முடிய விட மெல்லிசா ஓடுற ரத்தக்குழாய் இருக்கு பாருங்க, அதோட சுவர்ல செல்லுக்கும் செல்லுக்கும் நடுவுல சின்னச் சின்ன சந்து இருக்கும், அது வழியா மருந்து கசிஞ்சு வெளிய போய் தசைக்கும் ஈரலுக்கும் சேரும். மூளைக்குள்ள ஓடுற குழாய்ல அந்த சந்தே கிடையாது, செல்லோட செல்ல நெருக்கமா தையல் போட்டு மூடின மாதிரி இருக்கும். சர்க்கரைக்கு ஒரு வாசல், சில அமினோ அமிலத்துக்கு ஒரு வாசல்னு தனித்தனியா வச்சிருக்கும். ஆக்சிஜன், சாராயம் மாதிரி சிலது சுவர் வழியாவே ஊறிப் போயிடும். மத்ததெல்லாம் வெளியதான் நிக்கணும். தப்பித்தவறி உள்ள நுழையிற மருந்தையும் திருப்பி ரத்தத்துக்கே தள்ளிவிட அந்த சுவர் செல்லுலயே பம்ப் இருக்கு. இதத்தான் ரத்த மூளைத் தடுப்புன்னு சொல்றது. நாம சாப்பிடுற கண்டதும் மூளைய போய் தாக்காம காப்பாத்துறது இதுதான், ஆனா புத்துநோய் செல் ஒண்ணு ரெண்டு உள்ள போய் உக்காந்துடுச்சுன்னா அதையும் சேத்து காப்பாத்திடும்.

உங்க பையனுக்கு வாரம் ஒருதடவ கையில ஏத்துறாங்கல்ல வின்கிறிஸ்டின், அது நம்ம ஊர்ல ரோட்டோரம் பூத்துக் கிடக்குற நித்தியகல்யாணிச் செடில இருந்து எடுக்குறது. ரத்தத்துலயும் எலும்பு மஜ்ஜையிலயும் அருமையா வேலை செய்யும், ஆனா மூளைப் பக்கம் சரியாவே போகாது, அந்த பம்ப் தள்ளி விட்டுடும். அதனாலதான் மஞ்சள் மருந்து, அது மெத்தோட்ரெக்ஸேட், நேரா முதுகுத்தண்டு நீர்ல போடுறோம். மூளையும் தண்டுவடமும் அந்த நீர்லதான் முங்கி இருக்கு, முதுகுல போட்டா மேல தலை வரைக்கும் போய் சேரும். போட்ட உடனே கொஞ்ச நேரம் தலகாணி இல்லாம படுக்க வைக்கிறோம்ல, மருந்து மேல பரவணும்ங்குறதும் அதுக்கு ஒரு காரணம்.

ரிப்போர்ட்ல இல்லன்னு வந்தது நிஜமாவே நல்ல சேதி, அத நினைச்சு சந்தோஷப்பட்டது தப்பே இல்ல. ஆனா டெஸ்ட்டுக்கு எடுக்குறது ரெண்டு மூணு மில்லிதான். அதுல தட்டுப்படலங்குறதால உள்ள ஒண்ணுமே இல்லன்னு அர்த்தம் இல்ல. அந்தக் காலத்துல ரத்தத்துக்கு மட்டும் வைத்தியம் பாத்து, பிள்ளை நல்லாயிட்டான்னு வீட்டுக்கு அனுப்புவாங்க, கொஞ்ச மாசம் கழிச்சு தலைவலி, வாந்தி, கண்ணு ரெட்டையா தெரியுதுன்னு திரும்பி வருவான், பாத்தா மூளைப் பக்கம் இருந்து நோய் திரும்பியிருக்கும். பாதிக்கு மேல குழந்தைங்களுக்கு அப்படித்தான் ஆச்சு. 1960கள்ல அமெரிக்காவுல மெம்ஃபிஸ்ல இருக்குற செயின்ட் ஜூட் ஆஸ்பத்திரில டொனால்ட் பிங்கல்னு ஒரு டாக்டர்தான், தலைல நோய் தெரியுற வரைக்கும் காத்திருக்க வேணாம், முன்கூட்டியே அங்கயும் வைத்தியம் பண்ணுவோம்னு தலைக்கு கரண்ட், அதாவது கதிர்வீச்சு, வச்சு, முதுகுல மெத்தோட்ரெக்ஸேட்டும் போட்டாரு. அதுவரைக்கும் பிழைக்கிறதே அபூர்வமா இருந்த நோய்ல பாதி பிள்ளைங்க பிழைச்சு எழுந்திருச்சாங்க. உங்க பையனுக்கு இன்னிக்கு போடுற ஊசிக்கு பின்னாடி அந்தக் கதை இருக்கு.

அம்மாகிட்ட இத சொல்லுங்க. தண்டுவடம் இடுப்புக்கு மேலயே முடிஞ்சிடும், நாங்க ஊசி போடுறது அதுக்கும் கீழ. அங்க தண்டுவடம் கிடையாது, குதிரைவால் மாதிரி நரம்பு இழை இழையா நீர்ல மிதக்கும், ஊசி போனா விலகிக்கும். பிளேட்லெட் போதுமா இருக்கான்னு பாத்துட்டுத்தான் போடுவாங்க. தலைவலி வரலாம், முதுகு ரெண்டு நாள் வலிக்கலாம். மருந்தால எப்பவாவது வலிப்பு, கைகால் அசதின்னு வந்தா உடனே சொல்லணும், அபூர்வம்தான், பெரும்பாலும் சரியாயிடும்.

விழுப்புரத்து மாமா:

அக்கா ரொம்ப ரொம்ப நன்றி. இத அப்படியே அம்மாவுக்கு படிச்சுக் காட்டினேன், குதிரைவால்னு சொன்ன இடத்துல ரெண்டு தடவ திரும்பப் படிக்கச் சொன்னாங்க. ஒரே ஒரு சந்தேகம், மருந்தே நுழைய முடியாத இடத்துக்குள்ள இந்தப் பாழாப்போன புத்துநோய் செல் மட்டும் எப்படி நுழைஞ்சுது? அது மருந்த விட எவ்வளவோ பெருசுதானே?

உடலியங்கியல் வாத்தியார்:

இந்தக் கேள்விய கிளாஸ்ல ஒரு பிள்ளை கேட்டா அன்னிக்கு பூரா எனக்கு சந்தோஷமா இருக்கும் தம்பி. மெடிக்கல் காலேஜ்ல பிசியாலஜி எடுத்து ரிட்டையர் ஆனவன் நான், கொஞ்சம் நீளமா எழுதுறேன், பொறுத்துக்கோங்க.

பெருசா சின்னதாங்குறத வச்சு அந்த சுவர் ஆள உள்ள விடுறது இல்ல. வெள்ளை அணுக்களோட வேலையே குழாயவிட்டு வெளியேறி திசுக்குள்ள நுழையுறதுதான், லுக்கீமியா செல்லும், அதான் இந்த ரத்தப் புத்துநோய் செல்லும், வெள்ளை அணு வம்சம், அந்த வித்தை அதுக்கும் தெரியும். அதோட அது பெரும்பாலும் மூளைச் சதைக்குள்ள போறதில்ல, மூளைய மூடியிருக்குற சவ்வுலயும் அந்த நீர்லயும்தான் தங்குது. 2018ல நேச்சர் இதழ்ல ஒரு ஆராய்ச்சி வந்துச்சு, எலிகள்ல பண்ணது. முதுகெலும்பு மஜ்ஜைக்கும் தண்டுவட சவ்வுக்கும் நடுவுல எலும்பைத் துளைச்சுட்டு போற சின்ன ரத்தக்குழாய்கள் இருக்கு, லுக்கீமியா செல் அந்தக் குழாய்க்குள்ளயே போகாம அதோட வெளிப்பக்கத்த பிடிச்சுக்கிட்டே ஊர்ந்து சவ்வுக்கு வந்து சேருது. அதாவது கோட்டை வாசல்ல நின்னு சண்டையே போடல, மதில் இல்லாத பக்கமா வந்துடுச்சு. மருந்துக்கு அப்படி ஊர்ந்து போக கால் கிடையாது, ரத்தம் கொண்டுபோய் விடுற இடத்துலதான் நிக்கும்.

இந்தத் தடுப்பு இருக்குங்குறதே சாயத்தாலதான் தெரிஞ்சது. 1885ல பால் எர்லிஹ்னு ஜெர்மன் ஆராய்ச்சியாளர் விலங்குகளோட ரத்தத்துல சாயம் ஏத்திப் பாத்தாரு, எல்லா உறுப்பும் நிறம் மாறுது, மூளை மட்டும் வெள்ளையாவே இருக்கு. மூளைக்கு அந்த சாயம் ஒட்டாது போலன்னு நினைச்சுட்டாரு. அவர்கிட்ட வேலை பாத்த கோல்ட்மன், 1913ல அதே மாதிரி நீலச் சாயத்த ரத்தத்துல ஏத்தாம மூளை நீர்லயே ஏத்தினாரு, இப்ப மூளை நீலமாச்சு, மத்த உடம்பு மாறல. அப்ப சாயம் ஒட்டாதது காரணம் இல்ல, நடுவுல ஏதோ ஒண்ணு மறிக்குது. தம்பி இத நல்லா கவனிங்க, கோல்ட்மன் அன்னிக்கு பண்ணினதும் உங்க பையனுக்கு இப்ப பண்றதும் ஒரே வேலைதான், ரத்தம் வழியா போக முடியாதத நீர் வழியா போடுறது. ரெண்டுலயும் நிறம் இருக்கு, அன்னிக்கு நீலம், இன்னிக்கு மஞ்சள். கீமோதெரபிங்குற வார்த்தைய உண்டாக்கினதும் அதே எர்லிஹ்தான்.

1921ல லினா ஸ்டெர்ன்னு ஒரு அம்மா, ஜெனீவா பல்கலைக்கழகத்துல முதல் பெண் பேராசிரியர், அவங்கதான் இதுக்கு ரத்தத்துக்கும் மூளைக்கும் நடுவுல உள்ள தடுப்புன்னு பேரு வச்சாங்க. பின்னாடி மாஸ்கோ போனாங்க, சோவியத் அறிவியல் கழகத்துல முழு உறுப்பினரான முதல் பெண்ணும் அவங்கதான், 1949ல யூதர்ங்குறதால நடந்த கைது வேட்டைல சிறைக்குப் போய் அப்புறம் நாடுகடத்தலும் அனுபவிச்சாங்க. அவங்க கதைய எந்தப் பாடப்புத்தகத்துலயும் ஒரு வரிக்கு மேல எழுதுறதில்ல, எனக்கு அதுல வருத்தம் உண்டு. அந்த நெருக்கமான தையல எலக்ட்ரான் மைக்ரோஸ்கோப்ல கண்ணால பாத்தது 1967லதான்.

அந்த மஞ்சள் மருந்துக்கும் நம்ம பக்கத்துக்கும் ஒரு தொடர்பு இருக்கு. அத உருவாக்கின லெடர்லி ஆராய்ச்சிக்கூடத்துக்கு தலைமை தாங்கினவர் எல்லாபிரகட சுப்பாராவ், பீமவரத்துல பொறந்து சென்னை மெடிக்கல் காலேஜ்ல படிச்சவரு. அவர் குழு தயாரிச்ச முந்தைய மருந்த வச்சுத்தான் 1948ல பாஸ்டன்ல சிட்னி ஃபார்பர், லுக்கீமியா குழந்தைங்களுக்கு தற்காலிகமாவாவது நோய் அடங்குதுன்னு முதல் தடவையா காட்டினாரு.

விதைப்பை விஷயம். அங்கயும் தடுப்பு இருக்குங்குறது உண்மை. விந்தணு வயசுக்கு வந்த பிறகுதான் உருவாகுது, அதுக்கு முன்னாடியே உடம்போட எதிர்ப்பு சக்தி எது நம்மாளு எது வெளியாளுன்னு கத்துக்கிட்டிருக்கும், அதனால விந்தணுவ அந்நியன்னு நினைச்சு தாக்கிடாம இருக்க விதைப்பைக்குள்ள இருக்குற செர்டோலிங்குற செல்கள் சுத்தி அணை கட்டுது. ஆனா பல பேர் சொல்ற மாதிரி 6 வயசுப் பையனுக்கு அந்த அணைக்குள்ள லுக்கீமியா ஒளிஞ்சுக்கும்னு சொல்றது அவ்வளவு சரியில்ல, அந்த வயசுல அணையே முழுசா கட்டி முடிஞ்சிருக்காது, லுக்கீமியா செல் உக்காருறதும் அணைக்கு வெளிப்பக்கம் இருக்குற இடைத்திசுலதான். அங்க உள்ள ரத்தக்குழாய்லயும் மருந்த வெளிய தள்ற பம்ப் இருக்குறது ஒரு காரணமா சொல்றாங்க. எப்படி இருந்தாலும் அங்க நோய் திரும்பினா வலியே இல்லாம வீங்கும், குழந்தைக்கு சொல்லத் தெரியாது, அதனாலதான் கையால தொட்டுப் பாக்குறாங்க. இப்ப உள்ள வைத்தியத்துல அது ரொம்பக் குறைஞ்சிருக்கு.

அம்மு அம்மா:

வாத்தியார் ஐயா எழுதினத படிச்சு அழுதுட்டேன், என் பையனுக்கு ட்ரீட்மென்ட் முடிஞ்சு நாலு வருஷம் ஆச்சு, இத்தனை வருஷம் கழிச்சுதான் அந்த மஞ்சள் ஊசி எதுக்குன்னு முழுசா புரியுது.

தம்பி, நான் அனுபவத்துல சொல்றேன். ஊசி போடும்போது பிள்ளைய ஒருக்களிச்சு படுக்க வச்சு, முட்டிய நெஞ்சோட சேத்து, தாடைய உள்ள இழுத்து, வயித்துக்குள்ள குழந்தை இருக்குற மாதிரி சுருட்டிப் பிடிப்பாங்க. அப்பதான் முதுகெலும்புக்கு நடுவுல இடைவெளி விரியும். முதல் ரெண்டு தடவ அவன் திமிறினான், அப்புறம் வீட்லயே பாய்ல படுத்து நானும் அவனும் சுருண்டு சுருண்டு விளையாடிப் பழகினோம், நத்தை விளையாட்டுன்னு பேரு வச்சோம், நான் ஈர விரல முதுகுல வச்சு "ஜில்லுன்னு இருக்கும்"னு சொல்லுவேன், ஏன்னா மருந்து பஞ்சுதான் முதல்ல படும், அந்த ஜில்லுக்கே அவன் தூக்கிப் போடுவான். மூணாவது தடவ மயக்க ஊசி கம்மியாவே போதும்னாங்க. உங்க பையனுக்கும் பழக்கிப் பாருங்க.

ஒரு கேள்வி எனக்கும். எங்க பெட்டுக்கு பக்கத்துல இருந்த பையனுக்கு தலைக்கு கரண்ட் வச்சாங்க, என் பையனுக்கு வைக்கல, காசு இல்லாததாலயோன்னு அப்ப மனசுக்குள்ள குமுறிட்டே இருந்தேன், யார்கிட்டயும் கேக்கல.

வார்டு அக்கா:

அம்மா, அந்த பாரத்த இன்னிக்கே இறக்கி வச்சிடுங்க. கரண்ட் வைக்காதது உங்க பையனுக்கு நல்லது. ஆரம்பத்துல எல்லா பிள்ளைக்கும் வச்சாங்க, அப்புறம் வளந்து படிக்கிறப்போ ஞாபகம், படிப்பு, உயரம்னு பாதிப்பு தெரிஞ்சுது, வேற கட்டிகூட சிலருக்கு வந்துச்சு. அதனால முதுகு ஊசியையும் ரத்தத்துல அதிக டோஸ்ல ஏத்துற மெத்தோட்ரெக்ஸேட்டையும் வச்சே பெரும்பாலான பிள்ளைங்களுக்கு சமாளிக்கிறாங்க, டோஸ் அவ்வளவு ஏத்தினா கொஞ்சமாவது தடுப்பைத் தாண்டும். நோய் அதிகமா உள்ளவங்களுக்கு மட்டும்தான் இப்ப கரண்ட்.

தம்பி, ஒரு விஷயம் விட்டுட்டேன். முதுகுல போடுற டோஸ் வயச வச்சு, எடைய வச்சு இல்ல. மூளை சீக்கிரமா வளந்துடும், மூணு வயசுலயே அந்த நீரோட அளவு கிட்டத்தட்ட பெரியவங்க அளவுக்கு வந்துடும், அதனால நிறைய இடத்துல மூணு வயசுக்கு மேல 12 மில்லிகிராம்னு வச்சிருக்காங்க. ஒல்லிப் பிள்ளைக்கு இவ்வளவான்னு பயப்படுறாங்க சிலர்.

ஆஸ்பரஜினேஸ்னு ஒரு ஊசியும் போடுவாங்க, அது பெரிய புரோட்டீன், தடுப்ப தாண்டவே தாண்டாது. ஆனா ரத்தத்துல இருக்குற ஆஸ்பரஜின் சத்த காலி பண்ணிடும், அந்த சத்து இல்லாம லுக்கீமியா செல் வாழாது. ரத்தத்துல காலியானா மூளை நீர்லயும் வத்திடும், ஏரி வத்தினா பக்கத்துக் கிணறு வத்துற மாதிரி. உள்ள போகாமலே உள்ள வேலை செய்யிற மருந்து அது.

இன்னொண்ணு, இத மட்டும் கண்டிப்பா எல்லாரும் தெரிஞ்சுக்கணும். வின்கிறிஸ்டின் கையில மட்டும்தான் ஏத்தணும், தவறி முதுகுல போயிட்டா உயிர் போயிடும், உலகத்துல பல இடத்துல நடந்திருக்கு. அதனாலதான் நாங்க ரெண்டு பேர் நின்னு பேரையும் மருந்தையும் வாய்விட்டுப் படிக்கிறோம். சிரிஞ்சுல எடுக்காம சின்ன பைல கலந்து டிரிப்பா ஏத்துங்கன்னு உலக சுகாதார நிறுவனமே 2007ல சொல்லிருக்கு. நாங்க படிக்கிறப்போ நீங்களும் பக்கத்துல நின்னு கேளுங்க, எந்த நர்ஸும் கோவிச்சுக்க மாட்டாங்க.

கண் டெக்னீஷியன்:

சாயம்னு படிச்சதும் எழுதத் தோணுச்சு. கண்ணுக்குள்ள விழித்திரைக்கும் இதே மாதிரி தடுப்பு இருக்கு. சுகர் உள்ளவங்களுக்கு நாங்க கையில மஞ்சள் சாயம், ஃப்ளூரசின், ஏத்திட்டு கண்ண படம் எடுப்போம். தடுப்பு நல்லா இருந்தா சாயம் குழாய்க்குள்ளயே கோடு கோடா ஓடும், படம் அவ்ளோ அழகா இருக்கும். சுகர்ல கெட்டுப்போன கண்ணுல அங்கங்க புள்ளி புள்ளியா பொங்கி வெளிய கசிஞ்சு படமே மங்கிடும், கசிஞ்ச நீர் நடுவுல தேங்கினாதான் எழுத்து கலங்கலா தெரியும். உங்க பையனுக்கு மருந்து உள்ள போகலன்னு கவலை, எங்ககிட்ட வரவங்களுக்கு தடுப்பு ஒழுகுதேன்னு கவலை. எங்க டாக்டர்களும் ரத்தம் வழியா முயற்சி பண்ணாம கண்ணுக்குள்ளயே ஊசி போடுறாங்க. வீட்ல சுகர் உள்ள பெரியவங்க இருந்தா, பார்வை நல்லா இருந்தாலும், வருஷம் ஒருதடவ விழித்திரைய காட்டிடுங்க ப்ளீஸ்.

விழுப்புரத்து மாமா:

எல்லாருக்கும் எப்படி நன்றி சொல்றதுன்னே தெரியல. இன்னிக்கு காலைல நாலாவது ஊசி ஆச்சு. ரெண்டு நாளா நத்தை விளையாட்டு விளையாடினோம், அம்மு அம்மா. பஞ்சு பட்டதும் "மாமா ஜில்லு"ன்னு மட்டும் சொன்னான், அசையல. நர்ஸ் ரெண்டு பேர் பேர் படிச்சாங்க, நானும் பக்கத்துல நின்னு கேட்டேன், மெத்தோட்ரெக்ஸேட், 12 மில்லிகிராம், முதுகு. இப்ப தலகாணி இல்லாம படுத்திருக்கான், இட்லி கேக்குறான், இன்னும் அரை மணி நேரம் ஆகட்டும்னு சொல்லி வச்சிருக்கேன். எங்கம்மா பக்கத்துல உக்காந்து அவன் கால் விரல ஒவ்வொண்ணா ஆட்டச் சொல்லி எண்ணிட்டு இருக்காங்க.